சுங்கப் பாக்கியும் இரண்டு தோட்டாக்களும்

2016 ஏப்ரலில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹாரிஸ் கவுன்ட்டியில், சுங்கக் கட்டணப் பாக்கி உள்ள வண்டி என்று காவலர்களுக்கான வானொலியில் அறிவிக்கப்பட்ட வாடகைக் கார் ஒன்றைக் காவலர் ஒருவர் நெடுஞ்சாலையோரம் நிறுத்தினார். இறங்கச் சொன்னபோது கதவைத் திறந்த ஓட்டுநர், இறங்காமல் மறுபடியும் இன்ஜினை இயக்கினார். கார் நகரத் தொடங்கியதும், கையில் துப்பாக்கியுடன் திறந்திருந்த கதவின் படியில் தாவி ஏறிய காவலர், ஏறிய இரண்டே விநாடிகளில் முதல் குண்டையும் உடனே இரண்டாவதையும் சுட்டார். உயிர் போகும் நிலையிலும் ஓட்டுநர் காரை நிறுத்தினார். கார் ஓடியது மொத்தம் ஐந்து விநாடிகள்தான்.

மகனை இழந்த தாய் தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் அந்த இரண்டு விநாடிகளை மட்டும் வெட்டியெடுத்து ஆராய்ந்தன. ஓடும் காரில் தொற்றிக்கொண்டிருந்தவர் தம் உயிருக்கு அஞ்சியது நியாயமே என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தன. ஏன் அங்கே ஏறினார் என்ற கேள்விக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நீதிபதி எலினா கேகன் எழுதிய ஒருமித்த தீர்ப்பில், முன்னால் நடந்தவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று கூறி வழக்கைத் திருப்பியனுப்பியது.

தீர்ப்போடு உடன்பட்டு நீதிபதி கவனா தனியே எழுதிய கருத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தப்பியோடுபவர் பாக்கியைவிடப் பெரிய எதையோ மறைக்கக்கூடும். அவரை விட்டுவிடுவதிலும் ஆபத்து உண்டு என்கிறார். ஓக்லஹோமா குண்டுவெடிப்புக் குற்றவாளி மெக்வே 1995இல் பிடிபட்டதுகூட இத்தகைய சோதனையில்தான். ஆனால் அவருடைய காரில் எண் பலகையே இல்லை. அவர் ஓடவும் முயலவில்லை. இங்கோ, காரை அடையாளம் காட்டியதே அதன் எண்தான். அந்த எண்ணைக் கொண்டு வாடகை நிறுவனத்தையும், அதன் வழியே ஓட்டுநரையும் தேடியிருக்க முடியும் என்னும்போது, ஓடும் வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வந்தது?

தானே வருவித்துக்கொண்ட ஆபத்தைக் காரணம் காட்டிக் காவலர் சுடலாமா என்பதை உச்ச நீதிமன்றம் முடிவு செய்யாமல் விட்டது. கூடாது என்பதே என் கருத்து. கவனாவின் கருத்துக்கு மேலும் மூன்று நீதிபதிகளின் ஆதரவு இருப்பதால், அக்கேள்வி மறுபடி எழுந்தால் தீர்ப்பு இதேபோல ஒருமித்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.