ஓரத்தில் எழுத வேண்டிய திருத்தம்

தேவாலயத் திருமணப் பதிவேட்டில் பிழை இருப்பது பெரும்பாலும் கல்யாணம் முடிந்து பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும். விசாவுக்கோ குடும்ப ஓய்வூதியத்துக்கோ சான்றிதழ் கேட்டு சேகர (திருச்சபை வட்டார) அலுவலகத்துக்கு வருவார்கள். தகப்பனார் பெயரின் இனிஷியல் மாறியிருக்கும். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாது. மனைவியை இழந்து மறுமணம் செய்தவருக்கு நேரே 'மணமாகாதவர்' என்று எழுதியிருக்கும். ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, வரும் முதல் சோதனை மேசை டிராயரில் கிடக்கும் ஒயிட்னர்தான். இரண்டெழுத்துதானே, பூசி எழுதிவிட்டால் வந்தவரும் சந்தோஷமாகப் போய்விடுவார்.

1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. அதன் 78-ஆம் பிரிவின்படி, பிழை கண்ணில் பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் திருத்த வேண்டும். மணமக்கள் இருவரும் எதிரே இருக்க வேண்டும். அவர்கள் இறந்துவிட்டாலோ வர முடியாவிட்டாலோ நம்பத்தக்க இரண்டு சாட்சிகள் வேண்டும். முதலில் எழுதியதைத் தொடக்கூடாது. சரியானதை ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். யார் முன்னால் திருத்தினாரோ அவர்களும் கையெழுத்திட வேண்டும். சான்றிதழிலும் அதேபோல் ஓரக்குறிப்பு வர வேண்டும். சான்றிதழ் ஏற்கெனவே தலைமைப் பதிவாளருக்குப் போயிருந்தால், பழைய பிழையையும் திருத்தத்தையும் சேர்த்துக் காட்டும் தனிச் சான்று ஒன்றை அனுப்ப வேண்டும். வேண்டுமென்றே பதிவேட்டைச் சிதைப்பவருக்கும் பொய்ப் பதிவு நுழைப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

மனத்தாழ்மையைப் பற்றி நாம் கேட்கிற பல பிரசங்கங்களைவிட இந்தப் பிரிவு தெளிவானது. 'நான் பாவிகளில் பிரதான பாவி' என்று ஜெபத்தில் சொல்வதற்கு யாருக்கும் சிரமமில்லை. ஞாயிறுதோறும் ஆராதனையில் பாவ அறிக்கை செய்கிறோம். எல்லோரும் சேர்ந்து சொல்வதால் அது யாரையும் தனியாகக் குத்துவதில்லை. 'போன கமிட்டியில் உங்கள் ரசீதுகளைப் பார்க்காமலே கணக்கு சரியில்லை என்று சொன்னேன், அது தவறு' என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போதுதான் நாக்கு தடுமாறும். அதனால்தான் பலரும் 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்' என்ற வாக்கியத்தில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். என் கணக்கில் அதுவும் ஒயிட்னர்தான். என்ன நடந்தது என்பதே அதில் மறைந்துபோகிறது.

வேதாகமத்தில் வரும் இஸ்ரவேலின் ராஜாக்கள் சவுலும் தாவீதும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: பாவஞ்செய்தேன். ஆனால் சவுல் அடுத்த மூச்சிலேயே, மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி, தன்னைக் கண்டித்த தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டான். தன் பாவத்தை எடுத்துச் சொன்ன தீர்க்கதரிசி நாத்தானுக்கு முன் தாவீது அப்படி எதையும் கேட்கவில்லை. ஒருவர் தவறை ஒப்புக்கொண்ட பிறகு என்ன கேட்கிறார் என்று கவனித்தால் போதும்.

எங்கே ஒப்புக்கொள்வது என்பதிலும் சபைகள் அடிக்கடி இடறுகின்றன. அறிவிப்பு நேரத்தில் ஒருவருடைய காணிக்கையைத் தவறான தொகையாக வாசித்துவிட்டு, திருத்தத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ஒலிபெருக்கியில் போன பிழை ஒலிபெருக்கியில்தான் திரும்ப வேண்டும். அடுத்த ஞாயிறே, பெயரும் தொகையும் சொல்லி. தனியறையில் பேசிய கடுஞ்சொல்லுக்கு சபை நடுவே மன்னிப்புக் கேட்பது நேர் எதிரான கோளாறு. புண்பட்டவர் எல்லோர் முன்னிலையிலும் தலையசைத்தே தீர வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். ஆதித் திருச்சபையில் அப்பொல்லோ என்ற பிரசங்கியின் போதனையில் குறை கண்ட ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியர் அவனைத் தனியே சேர்த்துக்கொண்டுதான் விளக்கினார்கள்.

பணம் சம்பந்தப்பட்டால் வார்த்தை மட்டும் செல்லாது. வேதாகமத்தில் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் அறிக்கையோடு நிறுத்துவதில்லை. முதல் தொகையைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டச் சொல்கிறது. இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவேன் என்றான். காணிக்கைக் கணக்கில் குறைவு வந்தால் அதை அடுத்த மாத 'இதர வரவில்' சேர்த்துச் சரிக்கட்டுகிற வழக்கம், மனந்திரும்புதலுக்கும் தணிக்கைக்கும் ஒருசேரப் பகை. குறைந்த தொகை, தேதி, ஈடுசெய்தவர் என்று தனி வரியாக எழுதினால் அடுத்த பொருளாளருக்கும் புரியும்.

இன்னொன்றும் உண்டு. தவறு செய்தவரே 'மன்னிக்கச் சொல்லி வேதம் சொல்கிறதே' என்று எதிராளிக்கு நினைவூட்டுவது. அந்த வசனத்தை எடுக்கும் உரிமை அவருக்கு மட்டும் கிடையாது.

பதிவேட்டுக்கே திரும்பினால், மிகக் கடினமான கையெழுத்து வேறொருவர் பிழைக்கு இடுவது. எழுதிய ஐயர் மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். திருத்துவது இப்போது பதிவுப் பொறுப்பில் இருப்பவரின் வேலை. 'அது முந்தின ஐயர் காலத்தில் நடந்தது' என்று சொல்லித் தம்பதியை அலையவிடுகிறவர்கள் உண்டு. கையெழுத்துப் போடுவதற்குள் கோயில்பிள்ளையிலிருந்து (ஆலய ஊழியர்) உபதேசியார் (போதகருக்கு உதவும் சபை ஊழியர்) வரை எல்லோரையும் குறை சொல்லித் தீர்ப்பவர்களும் உண்டு. ஓரக்குறிப்பில் அதற்கெல்லாம் இடமில்லை: சரியான பெயர், தேதி, கையெழுத்து, சாட்சிகள்.