கனிச்சீர்ப் பெயருக்கு ஒரு வெண்பா

ஒருவழியாக வெண்பா வந்துவிட்டது. ஆனால் யாருக்காக எழுதினேனோ அவர் பெயர் அதில் இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

வாத்தியார் சமீபத்தில் காலமானார். வாத்தியார் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர், வேலை பார்த்தது மின்வாரியத்தில். வரியை உடைத்து உடைத்துப் போட்டுக் கவிதை என்று சொல்லித் திரிந்த என் கையில் கி.வா.ஜ.வின் 'கவி பாடலாம்' புத்தகத்தைத் திணித்து, யாப்புக்குள், அதாவது மரபுக் கவிதை இலக்கணத்துக்குள், இழுத்துவிட்டவர். வாட்ஸ்அப்பில் வெண்பா அனுப்பினால் பதிலே வராது. தாளில் எழுதிக்கொண்டு நேரில் போக வேண்டும். டீ ஆறுவதற்குள் சிவப்புப் பேனாவால் நாலைந்து வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். ஏன் என்று சொல்ல மாட்டார்.

காரியத்தன்று படிக்க ஒன்று எழுதித் தர முடியுமா என்று அவர் மகள் கேட்டார். நாலடி நேரிசை வெண்பா, மூன்றாம் அடியில் பெயர் என்று மனத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பெயரை இங்கே போடவில்லை, அதன் அசை வாய்பாட்டை மட்டும் சொல்கிறேன்: கருவிளங்கனி. அசையில் 'கரு' போல ஈரோசை உள்ளது நிரை, 'தே' போல ஓரோசை உள்ளது நேர்; அசைகள் சேர்ந்தது சீர். கரு-விளங்-கனி, மூன்றும் நிரை. வெண்பாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை: இப்படிக் கனியில் முடியும் சீருக்கு வெண்பாவில் இடமே இல்லை. அவரே சொல்லிச் சிரிப்பார்: "என் பேரை வச்சு ஒருத்தனும் வெண்பா பாட முடியாது தம்பி. செத்தாலும் உன்கிட்டேயிருந்து தப்பிச்சேன்."

விடுவேனா? வகையுளி செய்து, அதாவது பெயரை இரண்டு சீராகப் பிரித்து, உடைத்துப் பார்த்தேன். மூன்று அசையும் நிரை. அசை எல்லையில் எங்கே வெட்டினாலும் முன்சீர் நிரையில் முடிகிறது, அடுத்த சீர் நிரையில் தொடங்குகிறது. நிரையில் முடியும் சீருக்குப் பின் வெண்பாவில் நேர்தான் வரலாம். தளை, அதாவது சீரோடு சீர் சேரும் கட்டு, போச்சு. விளி போட்டு ஈற்றை நீட்டினேன். குறிலிணை போய்க் குறில் நெடில் வந்தது, அதுவும் நிரைதான். வேற்றுமை உருபு சேர்த்தால் நாலசைச்சீர், அதுவும் வெண்பாவுக்கு ஆகாது. முன்பாதியை மட்டும் வைத்தால் கருவிளம், அழகாக உட்காருகிறது, ஆனால் அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் தம்பிக்குத்தான் கிட்டத்தட்ட அந்தப் பெயர்! அவர் நன்றாக இருக்கிறார், நூறாண்டு இருக்கட்டும்.

அகவலுக்கு, அதாவது ஆசிரியப்பாவுக்கு, மாறலாம் என்றால், நிரை நடுவில் வரும் கனிச்சீருக்கு அங்கும் இடமில்லை. யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையில் தெளிவாகவே இருக்கிறது.

காரியத்துக்குள் முடியவில்லை. புறநானூறு 242, ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது, அதைப் படித்துவிட்டு வந்தேன். படிக்கும்போதே பொறாமை. 'சாத்தன்', தேமா (நேர் நேர்), எங்கும் உட்காரும். கபிலருக்கோ 'பாரி', அதுவும் தேமா. நண்பர்களை அசை பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு ராத்திரி 'வாத்தியார்' என்றே வைத்துப் பார்த்தேன். கூவிளம் (நேர் நிரை), வெண்பாவுக்கு ஏற்ற சீர். எதுகைக்குத் 'த்' வரிசை கொட்டிக் கிடக்கிறது. மளமளவென்று வந்தது:

பூத்த பிழையெல்லாம் பொத்திவைத்தேன் வந்தொருநாள்
வாத்தியார் வட்டமிட வேண்டுமெனக் - காத்திருந்தேன்
சுற்ற ஒருவரின்றிச் சோர்ந்து கிடக்கிறதே
குற்றம் அனைத்தும் குவிந்து.

ஈற்றில் 'கூறு', 'காண்' என்று எதையாவது ஒட்டி முடிக்காமல் 'குவிந்து' வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. யாப்பைச் சரிபார்க்கும் அவலோகிதம் மென்பொருளில் ஒட்டிப் பார்த்தேன், தளை எல்லாம் சுத்தம். அது யாப்பைத்தான் பார்க்கும். 'அனைத்தும்' பொருளுக்காக வந்ததா, அடியை நிரப்ப வந்ததா என்று கேட்காது. வாத்தியார் கேட்டிருப்பார். அந்தச் சொல்லைச் சுற்றித்தான் முதல் வட்டம் விழுந்திருக்கும், எனக்கு நிச்சயமாகத் தெரியும். மாற்றுச் சொல் தோன்றுகிறவர்கள் சொல்லுங்கள்: நிரையில் தொடங்கும் மாச்சீர் (நிரை நேர்) வேண்டும்.

இடையில் ஒரு செய்தி. அவர் கொடுத்த 'கவி பாடலாம்' ஏடு ஏடாகக் கழன்றுவிட்டது. இன்னொரு படி வேண்டுமென்று திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். அது கிடைக்கவில்லை, காரிகை உரையோடு ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, விலையும் சொல்லும்படி இல்லை. காலையில் போனால் கடைக்காரர் நிதானமாக எடுத்துக் காட்டுகிறார்.

மகளுக்கு வெண்பாவை அனுப்பினேன். "அப்பா பேரு எங்க அண்ணா?" என்றார்.

அதனால் அடுத்தது வேறொரு பாவகை, குறளடி வஞ்சிப்பா. அடிக்கு இரண்டே சீர், கனிச்சீருக்குச் சொந்த வீடு. முதல் சீராகப் பெயரை வைத்து, அடுத்த சீர் நிரையில் தொடங்கினால் ஒன்றிய வஞ்சித்தளை கிடைத்துவிடும். ஓசை பிடிபட, வஞ்சியடிகள் நிறைந்த பட்டினப்பாலையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் முறைக்கிறார்கள். முதல் ஐந்தாறு அடி வந்துவிட்டது. தனியாக நிற்கும் தனிச்சொல்லுக்குப் பிறகு சுரிதகம், அதாவது முடிவுப் பகுதி, அகவலுக்குத் திரும்ப வேண்டும், அங்கே நடை மாறும் இடம் இன்னும் இடறுகிறது. வஞ்சிப்பா எழுதிப் பழகியவர்கள் யாராவது இருந்தால், தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன்.