கூண்டு இறங்கும் வரை பாம்பனில்

பினாங்கில் வளர்ந்த எனக்கு வடகிழக்குப் பருவக்காற்று புதிதன்று. நவம்பரில் அது வலுத்துவிட்டால் மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான் தீவுகளுக்குப் படகுப் போக்குவரத்து ஓய்ந்துவிடும். விடுதிக்காரர்கள் பூட்டிக்கொண்டு போனால் பருவம் முடிந்துதான் திரும்புவார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் அதே பருவத்தில் யாரும் ஊரைப் பூட்டிக்கொண்டு போவதில்லை, கரையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். முதுகுப்பையுடன் நான் பாம்பனில் இறங்கிய மறுநாளே மன்னார் வளைகுடாப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு உருவானதால், அவர்களோடு சேர்ந்து காத்திருக்க எனக்கும் வாய்த்தது.

பாம்பன் துறைமுக அலுவலகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டை ஏற்றியிருந்தார்கள். கூண்டு எண்கள் 1 முதல் 11 வரை உண்டு. 1 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3 என்றால் துறைமுகத்தைப் பலத்த காற்று தாக்கக்கூடும். 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயத்தைக் குறிப்பவை. 11-ஆம் எண், வானிலை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது என்று சொல்வது. (எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த எண்தான்.) கூண்டு ஏறினால் மீன்வளத்துறை டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடும், டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. கைப்பேசிச் செயலியில் வெயில் படம் தெரிந்த ஒரு பிற்பகலிலும் ஒரு படகுகூட நகராததைப் பார்த்த பிறகு, நான் செயலியைத் திறப்பதை விட்டுவிட்டுத் துறைமுகப் பக்கம் ஒரு நடை போய்வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருப்பதால், ஒரே நாளில் இரண்டு விதமான கடலைப் பார்க்கலாம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும், தென்மேற்குக் காற்றின் காலத்தில் நிலைமை மாறிவிடும். நான் போனபோது வடகடல் கரையில் படகுகளை நெருக்கிக் கட்டி, முட்டி மோதாமல் இருக்க இடையிடையே பழைய டயர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓலைக் கொட்டகை ஒன்றில் பெரியவர் ஒருவர் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நைலான் நூல் சுற்றிய ஊசியால் அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். மழை விட்டுவிட்டதே, நாளைக்குப் போவீர்களா அண்ணே என்று கேட்டேன். "மழையப் பார்த்து யாரு தம்பி கடலுக்குப் போறா? காத்துல்ல அடங்கணும்" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த எச்சரிக்கை மிகையன்று. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் பல கண்களும் அப்போது சரிந்தன. பிற்காலத்தில் அந்தப் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகும்படி கருவி பொருத்தினார்கள். 2020 டிசம்பரில் இலங்கையைக் கடந்து வந்த புரெவிப் புயலோ, வலுவிழந்த பிறகும் கரையேறாமல் ராமநாதபுரத்துக்கு அருகிலேயே நெடுநேரம் நின்றது. புயல் கடந்துவிடும் என்று நாள் குறித்துப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் வருபவர்கள் ஓரிடத்திலேயே காத்திருக்க வேறொரு காரணமும் உண்டு. நாம் தங்கும் விடுதி, 24 மணி நேரத்துக்குள் நம் வருகையை இணையவழியே பதிவு செய்ய வேண்டும். காற்றடிக்கும்போது முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், இணையமும் போய்விடும். அந்த நிலையில் ஊர் ஊராக விடுதி மாறுவது நமக்கும் விடுதிக்காரருக்கும் வீண் அலைச்சல். ஓரிடத்தில் இருந்துவிடுவதே மேல். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மீன் சந்தை வெறிச்சோடிக் கிடந்தாலும் மெஸ்ஸில் கருவாட்டுக் குழம்பு கிடைத்தது. வாளைக் கருவாடும் கத்தரிக்காயும் போட்டு, புளி சற்றுத் தூக்கலாக வைத்த அந்தக் குழம்புக்காகவே நான் பகல் பன்னிரண்டு மணியை எதிர்பார்த்திருந்தேன்.

கூண்டை இறக்கிய அன்றும் டோக்கன் கொடுக்கவில்லை; மறுநாள்தான் கொடுத்தார்கள். தனுஷ்கோடிச் சாலையில் அலை வாரிப்போட்ட மணல் கிடந்ததால், அந்தச் சாலை முடியும் அரிச்சல்முனைக்கு வண்டிகளை விடவில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏற எனக்கு இன்னும் நாள் இருந்தது. அரிச்சல்முனைக்காக மேலும் காத்திராமல், குந்துகால் வரை நடந்து போய்த் தென்கடலைப் பார்த்துவிட்டு, மாலையில் கீழக்கரைக்குப் போக ராமநாதபுரம் பேருந்தைப் பிடித்தேன்.