கதவு திறக்கும் வைகாசி

இலங்கையின் கிழக்கிலுள்ள எங்கள் கரையோரத்தில் ஆண்டு சித்திரையில் பிறந்தாலும், ஊர் கூடுவது வைகாசியில்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசிப் பூரணையை ஒட்டியே கதவு திறக்கும். அந்தச் சடங்குக்காகவே கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகள் லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள்.

காரைதீவில் கடல் தீர்த்தம் எடுத்து வந்து கல்யாணக்கால் என்னும் சடங்குக் கம்பத்தை நடுவதோடு சடங்கு தொடங்குகிறது. 2004 டிசம்பரில் இதே ஊருக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோன கடலின் நீரைத்தான் அம்மனுக்கு எடுத்துச் செல்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆனாலும் அந்த வழக்கத்தை மாற்ற வேண்டுமென்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சடங்கு முடியும்வரை, மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடுகளிலும் மச்சம் சமைக்க மாட்டார்கள்.

இரவுகளில், கண்ணகியின் கதையைப் பாடும் கண்ணகி வழக்குரை என்ற காவியம் படிக்கப்படும். வித்துவான் வி. சீ. கந்தையா அதைப் பதிப்பித்துத் தந்ததால் நூல் நிலைத்துவிட்டது. படிக்கும் இராகமோ கேட்டுப் பழகியவர்களிடம் மட்டுமே இருக்கிறது. பாண்டியன் சபையில் சிலம்பு உடையும் இடம் வந்ததும், அதுவரை கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். மதுரையை எரித்த அந்தக் கோபத்தைத் தணிப்பதற்கே இறுதி இரவில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு. பூசை செய்யும் கப்புகனார் வேப்பிலைக் கொத்தை நீரில் தோய்க்க, குளிர்த்திப் பாடல் எழும். வெக்கையும் அம்மை நோயும் ஊரை அண்டாதிருக்க வேண்டுமென்று, மேலே தெறிக்கும் ஒரு துளிக்காகக் கைக்குழந்தைகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கோத்து ஒன்று முறியும்வரை இழுக்கும் கொம்புமுறி விளையாட்டு மட்டும் இப்போது அரிதாகிவிட்டது.

இந்தக் கோயில்களிலும் ஆகம முறைப்படி நித்திய பூசை வேண்டும் என்போர் உண்டு. அவர்களுடைய பக்தியை மதிக்கிறேன். ஆனால் எந்நாளும் திறந்திருக்கும் கதவுக்காக இத்தனை பேர் கடல் கடந்து வரமாட்டார்கள் என்பதால், அது மூடியே இருக்கட்டும் என்கிறேன். அதைவிட அவசரமானது வழக்குரை. வரும் வைகாசியில் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் செலவிடுவதற்கு முன், குரல் வளமுள்ள நாலைந்து பிள்ளைகளைத் தேர்ந்து, படிக்கும் பெரியவர் பக்கத்தில் இரவு முழுவதும் இருத்திவையுங்கள்.