சமரச மையத்துக்குப் போயிட்டு வந்த அனுபவம்: மத்தியஸ்தம்னா தீர்ப்பு சொல்றதுன்னு நினைச்சிருந்தேன்

அப்பா வீட்டுக்காக நான் தம்பி மேல பாகப்பிரிவினை கேஸ் போட்டு ரெண்டு வருஷம் வாய்தா வாய்தான்னே ஓடிருச்சு, அப்புறம் ஒருநாள் ஜட்ஜ் அம்மா ஃபைலைப் பாத்துட்டு அக்கா தம்பிதானே, மீடியேஷனுக்கு, அதாவது சமரச மையத்துக்குப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. சிவில் நடைமுறைச் சட்டம் 89-வது பிரிவுல அப்படி அனுப்பலாம்மான்னு எங்க வக்கீல் சொன்னார். எனக்கு மத்தியஸ்தம்னா ஊர் பஞ்சாயத்து மாதிரி, ஒருத்தர் ரெண்டு பக்கமும் கேட்டு தீர்ப்பு சொல்லுவாருன்னுதான் நினைப்பு. பத்திரம், வரி ரசீது, வாரிசு சர்டிபிகேட்னு எல்லாத்தையும் ஜெராக்ஸ் போட்டு தூக்கிட்டுப் போனேன்.

மையம் கோர்ட் வளாகத்துலயே ஒரு ரூம்தான். மெட்ராஸ் ஹைகோர்ட்ல 2005-ல ஆரம்பிச்சது, இப்ப மாவட்டத்துலயும் இருக்கு, ஃபீஸ் எதுவும் கிடையாது. மீடியேட்டரா வந்தவங்க ட்ரெய்னிங் எடுத்த ஒரு சீனியர் வக்கீல் அம்மா. எடுத்த எடுப்புலயே, நான் எதையும் முடிவு பண்ண மாட்டேன், இங்க பேசறது எதுவும் கோர்ட்டுக்குப் போகாது, ஒத்துவரலைன்னா கேஸ் இருந்த இடத்துக்கே திரும்பிரும்னாங்க. எனக்கு சப்புன்னு ஆயிருச்சு.

இந்த வார்த்தைக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. பேப்பர்ல ஆர்பிட்ரேஷனுக்கும் மத்தியஸ்தம்னு போடறாங்க, மீடியேஷனுக்கும் அதையேதான் போடறாங்க. ஆனா ஆர்பிட்ரேஷன்ல நடுவர் சொல்றது தீர்ப்பு, 1996 ஆர்பிட்ரேஷன் சட்டப்படி அது ரெண்டு பேரையும் கட்டுப்படுத்தும், நமக்குப் பிடிக்கலைங்கறதுக்காக தள்ளிட முடியாது. லோன் பேப்பர்ல, காண்ட்ராக்ட்ல வர்றது பெரும்பாலும் இதுதான், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த வரியைத் தேடிப் படிங்க. சமரசத்துல, அதாவது மீடியேஷன்ல, நாமளா ஒத்துக்கிட்டு கையெழுத்து போடற வரைக்கும் எதுவும் நம்மளைக் கட்டாது. லோக் அதாலத்லயும், அதாவது மக்கள் நீதிமன்றத்துலயும், ரெண்டு பேரும் ஒத்துக்கணும், ஆனா அவார்டு, அதாவது அங்க போடற உத்தரவு, ஆயிட்டா அப்பீல் கிடையாது.

மூணாவது தடவை எங்களைத் தனித்தனியா கூப்பிட்டு பேசினாங்க. என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, அம்மா கடைசி வரைக்கும் எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க? ரெண்டு வருஷத்துல ஒரு வாய்தாவுலகூட யாரும் அதைக் கேக்கலை, எனக்கு அழுகையே வந்துருச்சு. தம்பியும், நான் வீட்டை விக்கச் சொல்லிட்டா அம்மா எங்க போவாங்கன்னுதான் பயந்திருக்கான், அதை என்கிட்ட சொல்லாம கோவமாவே காட்டிட்டு இருந்திருக்கான்.

அப்பா உயில் எழுதலை, அதனால அம்மா, நான், தம்பி மூணு பேருக்கும் சம பங்கு, அதுல சண்டை இல்ல. வீட்டை விக்க வேண்டாம், அம்மா அங்கயே இருக்கட்டும், என் பங்குக்கு தம்பி ரெண்டு தவணையா பணம் தரணும், முழுசா வந்ததும் நான் பங்கை விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரணும்னு முடிவாச்சு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அம்மா மருத்துவச் செலவு பாதிப் பாதின்னு ஒரு வரி சேக்கச் சொன்னேன், சேத்தாங்க. அந்த ஒப்பந்தம் கோர்ட்டுக்குப் போய் அதே மாதிரி டிக்ரி, அதாவது கோர்ட் உத்தரவு, ஆச்சு. கட்டின கோர்ட் ஃபீஸையும் திருப்பித் தர்றாங்க, அதுக்கு தமிழ்நாடு கோர்ட் ஃபீஸ் சட்டம் 69ஏ பிரிவுல மனு போடணும், வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்தி வாங்கிருங்க. ரெண்டாவது தவணை தை மாசம் வந்துச்சு, பணத்தைக் குடுக்க தம்பியே வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டுத்தான் போனான்.