வைவாவில் அதிராத போன்

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு, போனில் ஆடும் கேரம் விளையாட்டு ஒன்று செய்தேன். ஸ்ட்ரைக்கர் காயில் பட்டால் விரலில் ஒரு 'டக்', காய் குழியில் விழுந்தால் கொஞ்சம் கனமாக ஒரு 'தொப்'. என் போனில் அருமையாக இருந்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் தன்னுடைய பழைய ஆண்ட்ராய்டை நீட்டி, "இதில் போடுப்பா" என்றார். போட்டேன். இரண்டு முறை ஆடிப் பார்த்துவிட்டு, "எங்கே அதிர்வு?" என்று கேட்டார்.

காரணம் அப்புறம்தான் பிடிபட்டது. போனை அதிர வைக்கும் கருவியில் இரண்டு வகை. என் போனில் இருப்பது எல்ஆர்ஏ. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் வில்லில் மாட்டிய எடை முன்னும் பின்னும் ஆடும். சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும். அவர் போனில் இருந்தது இஆர்எம். ஒரு பக்கம் கனத்த எடையைச் சுழற்றும் குட்டி மோட்டார் அது. வேகம் பிடிக்கவே சில பத்து மில்லி விநாடிகள் வேண்டும். நான் கொடுத்திருந்ததோ 10 மில்லி விநாடி! மோட்டார் கிளம்புவதற்குள் கட்டளையே முடிந்துவிட்டது.

அதனால், இப்படி அதிர்வு வைத்து விளையாட்டு செய்வதானால் மலிவான போனில் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் அதிர்வின் வலுவை 1 முதல் 255 வரை சொல்லலாம்தான். ஆனால் அந்த வசதி இல்லாத போனில் 40-ம் ஒன்றுதான், 255-ம் ஒன்றுதான். அங்கே வித்தியாசம் காட்ட நீளத்தையும் இடைவெளியையும்தான் நம்ப வேண்டும். ஐபோனில் வலுவோடு கூர்மை என்று இன்னொரு அளவும் உண்டு. எனக்கு அது பிடிபடாமல் ஒரு வாரம் போனது. கடைசியில் வீட்டு கேரம் போர்டின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தம்பியை ஆடச் சொன்னேன். காயில் அடி விழும்போது சுள்ளென்று ஏறியது கூர்மை அதிகம்; குழி வலையில் காய் விழுந்தது மந்தம், கூர்மை குறைவு.

இன்னொரு சொதப்பல்: முதல் அடியில் 19 காய்களும் சிதற, ஒவ்வொரு மோதலுக்கும் அதிர்வு வைத்திருந்தேன். போன் ஈ மொய்த்த மாதிரி இரைந்தது. அந்தக் கணத்தின் பெரிய மோதலுக்கு மட்டும் என்று மாற்றியதும்தான் அடி அடியாகத் தெரிந்தது.

புரொஜெக்டரிலோ வீடியோவிலோ இதையெல்லாம் காட்ட முடியாது. வைவாவுக்கு இரண்டு வகை போனையும் கொண்டு போய், சார்ஜைப் பார்த்துவிட்டு, தேர்வாளர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, செட்டிங்கில் அதிர்வு அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு அடுத்து போன நண்பன் அதில்தான் மாட்டினான்.