சிலம்பம்: கம்பைப் பிடிக்கும் முன்னும் பிடித்த பின்னும்

சிலம்பம் கற்க வருகிறவர்களை இழுப்பது கம்பு சுழலும் வேகம்தான். சேர்ந்த பிறகு ஆசான் கம்பைக் கொடுக்காமல் காலடி, அதாவது கால் வைத்து நகரும் முறை, போடச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் காலடியை மட்டுமே பழக்கும் ஆசான் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். 2021-ல் தமிழக அரசு, அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. அதற்கான சான்றிதழுக்காக வருகிறவர்களுக்கு அவசரம் அதிகம். காலடி இல்லாமல் வீச்சு, அதாவது கம்பைச் சுழற்றுவது, மட்டும் கற்றவர் தனியாகச் சுற்றும்போது அழகாகத்தான் தெரிவார். எதிரே ஒருவர் கம்போடு வந்து நின்றால் கால் நகராது.

காலடியில் கவனிக்க வேண்டியது முட்டி. லேசாக மடங்கியே இருக்க வேண்டும்; பாதம் எந்தப் பக்கமோ முட்டியும் அந்தப் பக்கம். பாதத்தை ஊன்றி வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்புகிறவர்களுக்குத்தான் முட்டி வலி வருகிறது. முன்பாதத்தில் திரும்புங்கள். குதிகாலில் திரும்பினால் உடம்பு பின்னால் சாய்ந்து, அடுத்த அடி எடுக்கத் தாமதமாகும்.

கம்பு உங்கள் நெற்றி உயரம் இருந்தால் போதும். பெரியவர்களுக்குச் சுமார் 5 அடி முதல் 5½ அடி வரை வரும். முதல் வருடத்துக்குப் பிரம்பே நல்லது: வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியைக் கைக்குக் கடத்தாது. மூங்கில் என்றால் கல்மூங்கில் (உள்ளே கெட்டியான வகை), நிழலில் உலர்த்தியது. வெயிலில் காய வைத்தால் வெடிக்கும். சற்று வளைந்திருந்தால் எண்ணெய் தடவி, மெல்லிய அனலில் கணுவருகே காட்டி நிமிர்த்தலாம்.

வீச்சு தொடங்கியதும் எல்லோரும் செய்வது, கம்பு நழுவிவிடும் என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்பது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம் போலப் பிடித்தால் போதும். மற்ற மூன்று விரல்கள் கம்பு புரளும்போது திறந்து மூட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், முழங்கை வேலை செய்ய ஆரம்பிக்கும். சில மாதங்களில் முழங்கையின் வெளிப்பக்கம் வலி எடுத்து, துணி பிழிவதே சிரமமாகிவிடும். வலி வந்தால் வேகத்தைக் குறைத்து எடை குறைந்த பிரம்புக்கு மாறுங்கள். வலியோடு சுற்றிப் பழக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று: கண் கம்பைப் பின்தொடரக் கூடாது. எதிரே ஆள் நிற்பதாக எண்ணி, அவர் மார்பு உயரத்தில் பார்வையை நிறுத்துங்கள்.

இடது கைக்கு வலது கையைவிட அதிக நேரம் கொடுங்கள். வலது கைக்கு 50 வீச்சு என்றால் இடதுக்கு 70. பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டாம் வருடம் கைமாற்றி வீசும்போது கம்பு கீழே விழுவது அதனால்தான்.

ஜோடியாக அடி, தடை பழகும் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கற்றது எல்லாம் அங்கே சோதனைக்கு வருகிறது. அடிபடுவது பெரும்பாலும் விரல்தான், தலையல்ல. வருகிற அடியைச் செங்குத்தாக மோதித் தடுத்தால், எதிராளியின் கம்பு உங்கள் கம்பின் மேல் வழுக்கிக்கொண்டே வந்து விரல் முட்டியில் விழும். கம்பைச் சற்றுச் சாய்த்து, இரு கைகளையும் அகலமாக வைத்து, நடுப்பகுதியில் வாங்குங்கள். தடுக்கும் அதே கணத்தில் கால் அரை அடி விலக வேண்டும். கை மட்டும் தடுத்துக் கால் நின்றுவிட்டால் அடுத்த அடியைத் தடுக்க இடம் இருக்காது. தலைக்கவசம் இல்லாமல் வேகமாக ஆடவே ஆடாதீர்கள்.

ஜோடி ஆட்டத்துக்கு முன்பு ஒரு பழைய பருத்தித் துணியால் கம்பை முழு நீளத்துக்கும் உருவிப் பாருங்கள். நூல் மாட்டும் இடத்தில் விரிசல் இருக்கிறது. விரிந்த மூங்கில் மோதலில் பிளந்து, சிலாம்பு கண்ணுக்குப் பாயும். நூல் மாட்டிய கம்பை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.